கிளிஞ்சலா, கல் கிரிட்டா, டானிக்கா? வீட்டு முட்டைக் கோழிக்கு எந்தக் கால்சியம்

கூட்டில் கெட்டி ஓடு இல்லாமல் வெறும் தோலோடு தோல்முட்டை ஒன்று கிடந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. மருந்துக்கடையில் கால்சியம் டானிக் வாங்கி வருகிறார்கள், அல்லது வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தண்ணீர்ச் சட்டியில் ஊற்றுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டும் தேறாது. அதனால் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

சிறுவிடை என்னும் நாட்டுக்கோழியின் முட்டை சுமார் 40 கிராம் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு ஓடு, அதாவது 4 கிராம். ஓட்டில் 94 சதவீதம் கால்சியம் கார்பனேட், கார்பனேட்டில் 40 சதவீதம் கால்சியம். ஆக, ஒரு முட்டையோடு கோழியின் உடம்பிலிருந்து ஒன்றரை கிராம் கால்சியம் வெளியே போகிறது. கிராமப்பிரியா போன்ற ரகங்களோ, பண்ணையிலிருந்து வாங்கிய வெள்ளைக் கோழியோ போடும் 58 கிராம் முட்டையில் இது 2 கிராமைத் தாண்டும். தின்னும் கால்சியம் முழுவதும் உடம்பில் சேராது. பாதி அல்லது பாதிக்குச் சற்று மேல்தான் சேரும். எனவே முட்டையிடும் நாளில் நாட்டுக்கோழிக்கு 3 கிராம், பெரிய முட்டை போடும் கோழிக்கு 4 கிராம் கால்சியம் வயிற்றுக்குள் போயாக வேண்டும். அரிசிக் குருணை, மக்காச்சோளம் இரண்டிலும் 100 கிராமுக்கு 10 மில்லிகிராம் அளவில்தான் கால்சியம் இருக்கிறது. தானியத்தை மட்டும் தின்று முட்டை போடும் கோழி, மேய்ச்சலில் கிடைக்கும் நத்தை, பூச்சி, மண்ணை வைத்தும் தன் எலும்பைக் கரைத்தும்தான் ஓட்டைக் கட்டுகிறது.

அளவை விட அதிகம் பேர் தவறவிடுவது நேரத்தை. மஞ்சள் கரு இறங்கி, வெள்ளை சுற்றி, ஓடு கட்டும் பைக்கு வந்து சேர 5 மணி நேரம் ஆகும். அங்கே ஓடு கட்ட ஏறக்குறைய 20 மணி நேரம். இதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. கோழி மாலை ஆறு மணிக்குக் கூடு அடைந்தால் மறுநாள் விடியும்வரை ஒரு பருக்கை தின்னாது. கால்சியம் அதிகம் தேவைப்படுவது வாய்க்கு வேலையில்லாத அந்த நேரத்தில்தான்.

கோழி அறுக்கும்போது உள்ளே மஞ்சள் தோலை உரித்து எடுப்போமே, அந்த அரவைப் பைதான் இரவுக்கான சேமிப்புக் கிடங்கு. கெட்டியான துண்டுகள் அங்கே தங்கி, அமிலத்தில் மெல்ல மெல்லக் கரைந்து இரவு முழுக்க கால்சியத்தை விட்டுக்கொண்டிருக்கும். மாவாக இருந்தால் சில மணி நேரத்தில் குடலைக் கடந்து எச்சத்தில் போய்விடும். ஒரே கல்லை உடைத்து, மாவை ஒரு கோழிக்கும் துண்டுகளை இன்னொரு கோழிக்கும் போட்டால், துண்டு தின்ற கோழியின் ஓடுதான் கெட்டியாக இருக்கும். கால்சியம் எந்த வடிவில், எந்தத் துண்டு அளவில் வருகிறது என்பதை முதலில் பாருங்கள். பாக்கெட்டின் பெயரைப் பிறகு பார்க்கலாம். அளவு 2 முதல் 4 மில்லிமீட்டர். சமையலறைக் கணக்கில் சொன்னால் கேழ்வரகைவிடப் பெரிசு, பச்சைப்பயறைத் தாண்டக்கூடாது.

கிளிஞ்சலும் கல் கிரிட்டும்

போட்டி உண்மையில் இந்த இரண்டுக்கும் இடையில்தான். கிரிட் என்றால் சிறு சில்லு; கல் கிரிட் என்பது உடைத்த சுண்ணாம்புக்கல். இரண்டுமே கால்சியம் கார்பனேட். நல்ல சரக்கானால் இரண்டிலும் 38 சதவீதம் அளவில் கால்சியம் இருக்கும். தீவனக் கடையில் ஒன்றை ஷெல் கிரிட் என்பார்கள், மற்றதைக் கல் கிரிட் அல்லது ஸ்டோன் கிரிட் என்பார்கள். துண்டின் அளவு ஒன்றாக இருந்தால் ஓட்டின் தடிமனில் சொல்லும்படியான வித்தியாசம் வராது. கிளிஞ்சல் இயற்கை, கல் செயற்கை என்று பேசுவதில் பொருளில்லை. சுண்ணாம்புக்கல்லில் பெரும்பங்கு பழைய கடலடியில் படிந்த ஓடுகளும் அவற்றின் தூளும்தான்.

வேறுபாடு கலப்படத்தில் இருக்கிறது. கிளிஞ்சலில் மணலும் உப்பும் வரும். கடற்கரையில் அள்ளி நேரே கொண்டுவந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கும். அந்த உப்போடு போட்டால் கோழி அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும், எச்சம் நீராகப் போகும், கூட்டில் ஈரம் ஏறும். ஒரு இரவு நல்ல தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு முறை அலசி, வெயிலில் காயவைத்தால் போதும். உள்ளே சதை ஒட்டிய கிளிஞ்சல் நாறும், ஈ மொய்க்கும். அதைத் தனியே எடுத்துவிட வேண்டும்.

கல் கிரிட்டில் உப்பு இருக்காது. அதன் கோளாறு வேறு: அது எந்தக் கல் என்பது. கருங்கல் சில்லையும் ஸ்டோன் கிரிட் என்றே விற்கலாம். கருங்கல் அரவைப் பையில் தானியத்தை அரைக்க உதவும், கால்சியம் துளியும் தராது. டோலமைட் இன்னொரு பொறி. வெள்ளையாக, அழகாக இருக்கும். உரக்கடையில் மண்ணின் புளிப்பை மாற்ற விற்பார்கள். அதில் மெக்னீசியம் 10 சதவீதத்துக்கு மேல் போகும். கோழிக்குக் கழிச்சலை வரவைத்து, ஓட்டையும் மெலிய வைக்கும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. அரை டம்ளர் வினிகரில் ஒரு சிட்டிகை கிரிட்டைப் போடுங்கள். சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல், பளிங்குச் சில்லு எல்லாம் உடனே சொரசொரவென்று நுரைக்கும். டோலமைட் சோம்பலாக ஒன்றிரண்டு குமிழி விடும். கருங்கல் சும்மா கிடக்கும். இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தால் நல்ல சரக்கு ஏறக்குறைய முழுதும் கரைந்திருக்கும். அடியில் மிஞ்சி நிற்பது மணல். மிச்சம் கணிசமாக இருந்தால் கிலோவுக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு மணலுக்குக் கொடுத்தது.

எது வாங்கலாம்? உங்கள் ஊர்த் தீவனக் கடையில் எது சரியான அளவில் சலித்து விற்கப்படுகிறதோ அது. கடலோர ஊர்களில் கிளிஞ்சல் மலிவு, உள் மாவட்டங்களில் கல் மலிவு. ஒரே விலைக்கு இரண்டும் கிடைத்தால் கல்லைத்தான் சொல்வேன். அலசும் வேலை மிச்சம். கிளிஞ்சல் தட்டையாகப் பளபளப்பதால் பழக்கமில்லாத கோழி அதை முதலில் கொத்தும் என்பது மட்டும் அதன் பக்கம் உள்ள நியாயம்.

முட்டை ஓடு

இலவசம் என்பதால் எல்லோர் மனதிலும் முதலில் வருவது இதுதான். தரத்தில் குறையே இல்லை, கால்சியம் 37 சதவீதத்துக்கு மேல். குறை அளவில்தான். பாதி கால்சியம்தான் உடம்பில் சேரும் என்று பார்த்தோம். அப்படியானால் ஒரு முட்டையின் ஓட்டைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த முட்டைக்கு அரை ஓடுதான் கிடைக்கும். வீட்டுக் கோழியின் ஓட்டை வீட்டுக் கோழிக்கே போட்டு வட்டத்தை முடித்துவிடலாம் என்ற நினைப்பு இந்த இடத்தில் உடைகிறது. தானியம் மட்டும் தின்னும் 10 நாட்டுக்கோழி ஒரே சமயத்தில் முட்டையில் இருந்தால் நாளொன்றுக்கு 80 கிராம் ஓடு வேண்டும். பண்ணை முட்டையின் ஓடு ஒன்று ஐந்தரை கிராம். அப்படியானால் தினம் 14, 15 முட்டை சாப்பிடும் வீடாக இருக்க வேண்டும்.

பரோட்டாக் கடையிலோ பேக்கரியிலோ சொல்லிவைத்து வாங்குபவர்கள் உண்டு. வாங்கலாம், ஆனால் அது பல பண்ணை முட்டைகளின் பச்சை ஓடு. சால்மோனெல்லாவும் வேறு நோய்க்கிருமிகளும் அதில் ஒட்டி வரும். 10 நிமிடம் கொதிக்கவைத்து வெயிலில் காயவைப்பது, அல்லது இரும்புச் சட்டியில் 10 நிமிடம் வறுப்பது கட்டாயம். வறுத்தால் உள்தோல் முறுகி, நொறுக்குவதும் சுலபமாகும். மிக்ஸியில் போட வேண்டாம். ஒரு சுற்றிலேயே மாவாகிவிடும். மாவின் கதை தெரிந்ததுதான். துணிப்பையில் போட்டுப் பூரிக்கட்டையால் இரண்டு உருட்டு உருட்டினால் போதும். ஓடு மெல்லியது என்பதால் கல் கிரிட்டைப் போல இரவு முழுக்கத் தாங்காது. ஆகவே கொஞ்சம் பெரிய சில்லுகளாகவே விடலாம்.

உடைத்த பாதி ஓட்டை அப்படியே முற்றத்தில் வீசுவது மட்டும் கூடாது. முட்டையின் வடிவம் கோழிக்கு அடையாளம் தெரியும், உள்ளே ஒட்டிய வெள்ளையின் ருசியும் பழகிவிடும். கூட்டில் முட்டையைக் கொத்திக் குடிக்கும் பழக்கம் ஒரு கோழிக்கு வந்தால் மற்றவையும் பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

கிரிட்டோடு சேர்த்துப் போட முட்டை ஓடு நல்லது. அதை மட்டும் நம்ப முடியாது.

சுண்ணாம்பு

சுண்ணாம்பு என்றாலே கால்சியம்தானே என்று கேட்பார்கள். கால்சியம்தான், ஆனால் கிளிஞ்சல் வேறு, கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு வேறு. நீற்றிய சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. அது காரம்; வெற்றிலையில் கொஞ்சம் அதிகமானாலே நாக்கு வெந்துபோகும். நீற்றாத சுட்ட சுண்ணாம்போ ஈரம் பட்டவுடன் கொதிக்கும். அதைக் கோழி எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஆபத்து குறைவு. பயனும் அதே அளவுக்குக் குறைவு. எவ்வளவு சுண்ணாம்பை அள்ளிப் போட்டாலும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைவது ஒன்றரை கிராம் சொச்சம்தான், மீதி அடியில் தங்கும். அதிலுள்ள கால்சியம் லிட்டருக்கு 0.9 கிராம் அளவு. கோழி நாளெல்லாம் குடிப்பது கால் லிட்டர். ஆக, உள்ளே போவது 0.2 கிராம் சொச்சம், தேவையோ 3 கிராம். திறந்த சட்டியில் வைத்தால் காற்றுப் பட்டு மேலே வெள்ளை ஏடு படியும். கரைந்திருந்த கால்சியம் பிரிந்து வெளியே வந்துவிட்டதன் அடையாளம் அந்த ஏடு. கார ருசி பிடிக்காமல் கோழி தண்ணீரைக் குறைத்தால், தீவனமும் குறையும், முட்டையும் குறையும். தண்ணீரில் கலந்து தடுப்பு மருந்து கொடுக்கும் நாளில் சுண்ணாம்புத் தண்ணீர் இருந்தால் மருந்தும் வீணாகும்.

சில வீடுகளில் கோழி விடாமல் சுவரைக் கொத்திக்கொண்டிருக்கும். பல வருஷத்துக்கு முன் அடித்த வெள்ளை, காற்றுப் பட்டுப் பட்டு மறுபடி கார்பனேட்டாக மாறியிருக்கும். கோழிக்கு அது கிளிஞ்சல் மாதிரிதான். கால்சியம் பற்றவில்லை என்பதைக் கோழி நேரடியாகச் சொல்வது இப்படித்தான். பழைய சுண்ணாம்புச் சுவர் கெடுதல் செய்யாது. பெயின்ட் அடித்த சுவரானால் தடுக்க வேண்டும். இதே வரிசையில் கேட்கப்படுபவை சாக்பீசும் கோலமாவும். சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், சல்பேட் சேர்ந்தது. அதிகம் போனால் கழியும். கல் கோலமாவு எந்தக் கல்லை அரைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் வேண்டாம்.

டானிக், மாத்திரை

திரவக் கால்சியத்தில் பார்க்க வேண்டியது லேபிளின் பின்பக்கம். 5 மில்லியில் 100 மில்லிகிராம் கால்சியம் என்று போட்டிருந்தால், 3 கிராமுக்கு 150 மில்லி கொடுக்க வேண்டும். ஒரு கோழிக்கு, ஒரு நாளைக்கு! கிரிட்டில் இது ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல். டானிக்கின் மதிப்பு அதில் சேர்த்திருக்கும் வைட்டமின் டி3-இல் இருக்கிறது. டி3 இல்லாமல் குடல் கால்சியத்தை உறிஞ்சாது. வெயிலில் திரியும் கோழிக்கு அது தோலிலேயே உண்டாகிவிடும். மாடியில், கூண்டில், நிழலிலேயே அடைபட்ட கோழிக்கு டி3 தேவை. அப்போது டானிக்கை வாரம் இரண்டு மூன்று நாள் கொடுப்பதில் அர்த்தம் உண்டு.

அவசரத்துக்கும் அது உதவும். முட்டை அடைத்த கோழி வாலைத் தொங்கப்போட்டு, உடம்பை நிமிர்த்தி நின்று, அடிக்கடி முக்கும். சதை சுருங்கி முட்டையைத் தள்ளவும் கால்சியம் வேண்டும். மனிதருக்கான 500 மில்லிகிராம் கால்சியம், டி3 சேர்ந்த மாத்திரை ஒன்றை உடைத்து வாயில் போட்டு, பின்பாகம் மூழ்க வெதுவெதுப்பான தண்ணீரில் 15, 20 நிமிடம் உட்காரவைத்து, பிறகு இருட்டான அமைதியான இடத்தில் விட வேண்டும். முட்டையை உள்ளேயே உடைத்து எடுக்கப் பார்க்காதீர்கள். சில மணி நேரத்தில் வரவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

கேழ்வரகு, கீரை

50 கிராம் கேழ்வரகில் 170 மில்லிகிராம் கால்சியம். ஒரு கைப்பிடி, அதாவது 25 கிராம் முருங்கைக்கீரையில் 110. அதே அளவு அகத்தியில் 280. மூன்றையும் ஒரே நாளில் கொடுத்தாலும் அரை கிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. மஞ்சள் கருவின் நிறத்துக்கும் கோழியின் தெம்புக்கும் கீரை தாராளமாகக் கொடுங்கள். ஓட்டுக்காகக் கொடுப்பதாக நினைத்துக் கிரிட்டை நிறுத்திவிடாதீர்கள். பசலையிலும் தண்டுக்கீரை வகைகளிலும் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

டிசிபி

டைகால்சியம் பாஸ்பேட்டில் கால்சியம் 23 சதவீதம், பாஸ்பரஸ் 18. இது எலும்புக்கான விகிதம். ஓட்டுக்கு வேண்டிய கால்சியம் முழுவதையும் இதிலிருந்து கொடுத்தால் பாஸ்பரஸ் எகிறி ஓடு இன்னும் மோசமாகும். தீவனத்தை வீட்டிலேயே கலப்பவர்களுக்கு மட்டும் இது தேவை, அதுவும் 10 கிலோவுக்கு 120 கிராம். கூடவே 850 கிராம் கல் கிரிட்டும் 30 கிராம் உப்பும் சேர்த்தால், மொத்தத் தீவனத்தில் மூன்றரை சதவீதம் கால்சியம் அமையும். நாளைக்கு 85 கிராம் தின்னும் கோழிக்கு அதில் 3 கிராம் கிடைத்துவிடும். எலும்புத்தூள் நன்றாக ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்கியதாக இருந்தாலொழியத் தொடாதீர்கள்.

லேயர் தீவனம் போடுகிறேனே, தனியாக வேண்டுமா?

முட்டைக் கோழிக்கென்றே கால்சியம் சேர்த்து விற்கும் லேயர் தீவனத்தை மட்டும் போட்டால் வேண்டாம். நாமக்கல் பண்ணைக் கோழிக்குக் கிரிட் தீவனத்திலேயே கலந்துவிடுகிறது. 3.8 சதவீதம் கால்சியம் உள்ள தீவனம் 110 கிராம் தின்றால் 4.2 கிராம் கிடைக்கும். ஆனால் வீட்டில் அப்படி நடப்பதில்லை. 50 கிராம் லேயர் தீவனம், மீதிக்கு மிஞ்சிய சோறு, குருணை, கம்பு என்று போகும்போது கால்சியம் 2 கிராமுக்குக் கீழே இறங்கிவிடும். விலை கொடுத்து வாங்கிய தீவனம் போட்டும் தோல்முட்டை வருவதற்கு வீடுகளில் முக்கியக் காரணம் இந்த நீர்த்தல்தான். தானியத்தை நிறுத்தத் தேவையில்லை, பக்கத்தில் கிரிட் தட்டு வைத்தால் சரியாகிவிடும்.

குஞ்சு, விடைக்கோழி (இன்னும் முட்டையிடத் தொடங்காத இளங்கோழி), சேவல் எல்லாம் ஒன்றாக மேயும் வீட்டில் லேயர் தீவனத்தை எல்லாருக்கும் போடுவது தவறு. வளரும் கோழிக்கு 1 சதவீதம் கால்சியம் போதும். நாலு மடங்கு தொடர்ந்து போனால் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக யூரிக் அமிலம் படியும். அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். கலந்த கூட்டத்துக்கு வளர்பருவத் தீவனம் அல்லது தானியம், தனித்தட்டில் கிரிட். முட்டையிடும் கோழி தானாகத் தேடிப் போய்க் கொத்தும், அதுவும் பெரும்பாலும் மதியத்துக்கு மேல், ஓடு கட்டும் நேரம் நெருங்கும்போது. சேவல் ஒன்றிரண்டு கொத்தோடு விட்டுவிடும். அடைக்கு உட்கார்ந்த கோழி திரும்பியே பார்க்காது. வருஷத்தில் சில ஈடு மட்டும் முட்டை வைத்துவிட்டு அடை, குஞ்சு என்று போய்விடும் சிறுவிடைக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. 10 கோழி வைத்திருந்தாலும் எல்லாம் ஒரே நேரத்தில் முட்டையில் இருப்பதில்லை. அதனால் மாதம் ஒன்று, ஒன்றரை கிலோவுக்கு மேல் செலவாகாது.

தட்டு என்றால் கொட்டாங்கச்சியே போதும். கோழியின் முதுகு உயரத்துக்கு, தரையிலிருந்து 15, 20 சென்டிமீட்டரில், மழை படாத இடத்தில் ஆணியடித்து வையுங்கள். தரையில் வைத்தால் கிளறிக் கொட்டும், எச்சம் போடும். நனைந்த மாவுச் சுண்ணாம்பு கட்டி தட்டிவிடும், கிரிட் அப்படி ஆகாது. வாரம் ஒருமுறை அடியில் தங்கிய தூளைக் கொட்டிவிடுங்கள். பெரிய துண்டுகளைப் பொறுக்கித் தின்றுவிட்டுக் கோழி தூளை மட்டும் விட்டுவைத்திருக்கும். பார்வைக்குத் தட்டு நிறைந்திருந்தாலும் உள்ளே தின்ன ஒன்றும் இருக்காது. விடைக்கோழிக்குக் கொண்டை சிவக்கத் தொடங்கியதும் தட்டு எட்டும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முதல் முட்டைக்கு இரண்டு வாரம் முன்பே எலும்புக்குள் கால்சியத்தைச் சேர்த்துவைக்க ஆரம்பித்துவிடும்.

கிரிட் வைத்து இரண்டு வாரம் கழித்தும் ஓடு தேறவில்லையானால், இன்னும் கால்சியத்தைக் கூட்டுவது வேலைக்கு ஆகாது. கத்திரி வெயிலில் கோழி வாயைத் திறந்து மூச்சிரைக்கும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு வெளியே போய்விடுகிறது. ஓட்டுக்குக் கார்பனேட் கிடைப்பது அதிலிருந்துதான். கால்சியம் இருந்தும் கூட்டாளி இல்லாத நிலை. நிழல், குளிர்ந்த தண்ணீர், விடியற்காலையிலும் மாலையிலும் தீவனம், கிலோ தீவனத்துக்கு 2 கிராம் சமையல் சோடா, அதற்கு ஈடாக உப்பைக் கொஞ்சம் குறைப்பது. இவைதான் அதற்கு வழி. வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட் நோய்) வந்து பிழைத்த கோழி சில வாரங்களுக்குக் கோணல் ஓடும் தோல்முட்டையும் போடும். கூட்டத்தில் பல கோழிகள் ஒரே வாரத்தில் தோல்முட்டை போட ஆரம்பித்தால் நோயைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரே கோழி என்றால் வயதைப் பாருங்கள். வயதாக ஆக முட்டை பெரிதாகும், ஓட்டுக்குப் போகும் சரக்கு கூடாது. அதே மாவைப் பெரிய தோசையாக ஊற்றினால் மெலியத்தானே செய்யும். அந்தக் கோழிக்கு மாலையில் கூடு அடையும் முன், 3, 4 மில்லிமீட்டர் துண்டுகளாகப் பொறுக்கி, ஒரு தேக்கரண்டி தனியாகக் கொடுத்துப் பார்க்கலாம்.